பிரிப்பும் பொறுப்பும்: ஐரோப்பிய மின்துறை விதிகளின் நோக்கில் தமிழ்நாட்டு மின்துறைச் சீரமைப்பு

ஆய்வுச் சுருக்கம்

மின் உற்பத்தி, மின் செலுத்தம், மின் பகிர்மானம் ஆகியவற்றைத் தனித்தனி அமைப்புகளாகப் பிரிப்பதும், கட்டணத்தை வரையறுக்கும் பொறுப்பைத் தற்சார்புள்ள ஆணையத்திடம் ஒப்படைப்பதும் ஐரோப்பிய ஒன்றிய மின்துறை விதிகளின் இரு தூண்களாகும். இந்தியாவின் மின்சாரச் சட்டம் 2003 இவற்றை ஒத்த அமைப்பைக் கொண்டுள்ளது. அச்சட்டத்தின்படி தமிழ்நாடு மின்சார வாரியம் 2010ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் பிரிக்கப்பட்டது. பிரிப்பு நிகழ்ந்த அளவிற்குப் பொறுப்பு பிரிந்துள்ளதா என்ற வினாவை அதியமான்கோட்டை போன்ற ஓர் ஊரின் மின் நுகர்வோர் நிலையில் நின்று இக்கட்டுரை ஆராய்கிறது. அளவீடும் ஆணையத்தின் தற்சார்பும் இல்லாத பிரிப்பு பெயர் மாற்றமாகவே நின்றுவிடும் என்பதும், உழவர்க்கான கட்டணமில்லா மின்சாரம் இவ்விரண்டிற்கும் முரணானது அன்று என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

முன்னுரை

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் வழியில் அமைந்துள்ள அதியமான்கோட்டை, தகடூரை ஆண்ட அதியமான் மரபின் பெயரைத் தாங்கிய ஊர். மழையை நம்பிய நிலமும் ஆழ்துளைக் கிணறும் இவ்வட்டாரத்து வேளாண்மையின் அடிப்படைகள். எனவே மின்சாரம் இங்கு விளக்கெரிக்கும் வசதியாக மட்டும் இல்லாமல், பயிரின் உயிர்நீராகவும் விளங்குகிறது. 2010 முதல் 2024 வரையிலான 14 ஆண்டுகளில் இவ்வூருக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் பெயர் இருமுறை மாறியது. ஆயினும் மக்கள் வழக்கில் அது இன்றும் ‘ஈ.பி.’தான். பெயர் மாறியும் வழக்கு மாறாமைக்குப் பழக்கம் ஒரு காரணம். நுகர்வோர் உணரத்தக்க வகையில் எதுவும் பிரியவில்லை என்பது மற்றொரு காரணமாக இருக்கலாம். இவ்வையத்திலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

இந்தியாவிற்கு ஐரோப்பிய விதிகளைப் பின்பற்றும் ஒப்பந்தக் கடப்பாடு எதுவும் இல்லை. எனவே ஐரோப்பிய விதிகள் இங்கு உரைகல்லாக மட்டுமே கொள்ளப்படுகின்றன. விளக்கமுறை, ஒப்பீட்டுமுறை ஆகிய இரண்டும் பயன்படுத்தப்பட்டுள்ளன.

ஐரோப்பிய விதிகள் கூறுவன

ஐரோப்பிய ஒன்றியம் 1996, 2003, 2009, 2019 ஆகிய ஆண்டுகளில் மின்சந்தை பற்றிய நான்கு நெறியுரைகளை வெளியிட்டது. முதல் நெறியுரை கணக்குகளைப் பிரிக்கக் கோரியது. இரண்டாவது சட்ட அடிப்படையில் நிறுவனங்களைப் பிரிக்கக் கோரியது. 2007 சூலை 1 முதல் வீட்டு நுகர்வோர் உள்ளிட்ட அனைவரும் தமக்கு மின்சாரம் விற்பவரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பெற்றனர். மூன்றாவது நெறியுரை, மின் செலுத்த வலையமைப்பை நடத்துபவர் மின் உற்பத்தியிலோ விற்பனையிலோ நலன் கொண்டிருத்தல் கூடாது என வலியுறுத்தியது. நான்காவது, முந்தைய நெறிகளைத் தொகுத்து நுகர்வோர் உரிமையை விரிவாக்கியது.

இதன் உட்கருத்து எளியது. சந்தைக்குச் செல்லும் ஒரே சாலை ஒரு வணிகரின் உடைமையாக இருப்பின், அவர் பிறர் சரக்கைத் தடுக்க முயல்வது இயல்பு. மின்கம்பி வலை அத்தகைய ஒற்றைச் சாலை. ஆகவே சாலைக்குரியவரும் சரக்குக்குரியவரும் வேறுவேறாக இருத்தல் வேண்டும் என்பதே பிரிப்பின் நோக்கம்.

இவ்விடத்தில் ஆய்வாளர் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிரிப்பு என்பது தனியார்மயம் அன்று. வலையமைப்பும் உற்பத்தியும் அரசுடைமையாகவே இருக்கலாம். ஆனால் அவை தனித்தனி அரசு அமைப்புகளின் கட்டுப்பாட்டில் இருத்தல் வேண்டும் என்பதை 2009 நெறியுரையே ஏற்கிறது. நார்வே நாட்டில் மின் செலுத்த நிறுவனமான ஸ்டாட்நெட், உற்பத்தி நிறுவனமான ஸ்டாட்கிராஃப்ட் ஆகிய இரண்டும் அரசுடைமை. எனினும் வெவ்வேறு அமைச்சகங்களின் கீழ் இயங்குகின்றன. பிரான்சு நாட்டில் மின் செலுத்த நிறுவனம், உற்பத்தி நிறுவனமான ஈ.டி.எஃப். குழுமத்திற்குள்ளேயே கடுமையான தற்சார்பு விதிகளுடன் இயங்குகிறது.

இரண்டாவது தூண் ஒழுங்குமுறை ஆணையத்தின் தற்சார்பு. ஆணையம் தன் பணியில் எந்த அரசிடமிருந்தும் நேரடி அறிவுறுத்தலைக் கேட்டலோ ஏற்றலோ கூடாது என்பது விதி. செருமனி அரசு, வலையமைப்புக் கட்டணத்தைக் கணக்கிடும் முறையைத் தன் ஆணைகளின் வழியே வரையறுத்து வந்தது. இது ஆணையத்தின் தற்சார்பைக் குலைப்பதாகும் என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2021 செப்டம்பர் 2 அன்று தீர்ப்பளித்தது. வலிமையான உறுப்பு நாடாயினும் இவ்விதியிலிருந்து விலக்குப் பெறவில்லை.

ஒன்றியத்திற்கு வெளியே உள்ள நாடுகளுக்கும் இவ்விதிகள் பரவின. 2005 அக்டோபரில் ஏதென்சு நகரில் கையெழுத்தாகி 2006 சூலையில் நடைமுறைக்கு வந்த ஆற்றல் சமூக ஒப்பந்தம் இதற்கு வழிவகுத்தது. 2011இல் அதில் இணைந்த உக்ரைன், 2017இல் புதிய மின்சந்தைச் சட்டம் இயற்றி, 2019 சூலையில் சந்தையைத் திறந்தது. ஆயினும் வீட்டு நுகர்வோர் கட்டணத்தைத் தாழ்வாக வைத்திருக்க, அரசு உற்பத்தி நிறுவனங்கள் மீது பொதுச்சேவைக் கடமை சுமத்தப்பட்டது. ஒப்பந்தக் கடப்பாடு இருந்தும் வீட்டு மின்கட்டணம் சந்தையிடம் முழுமையாக ஒப்படைக்கப்படவில்லை. இத்தயக்கம் தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று என்பதை இது புலப்படுத்துகிறது.

இந்தியச் சட்டமும் தமிழ்நாட்டின் பிரிப்பும்

1948ஆம் ஆண்டின் மின் வழங்கல் சட்டப்படி 1957 சூலை 1 அன்று சென்னை மாநில மின்சார வாரியம் அமைக்கப்பட்டது. உற்பத்தி முதல் வீட்டு இணைப்பு வரை அனைத்தும் அதன் பொறுப்பு. ஊரகங்களுக்கு மின்சாரத்தைக் கொண்டு சேர்த்ததில் இவ்வொருங்கிணைந்த அமைப்பின் பங்கு பெரிது. 1996இல் ஒடிசா முதன்முதலாகத் தன் வாரியத்தைப் பிரித்தது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 1999இல் அமைந்தது.

மின்சாரச் சட்டம் 2003, அவ்வாண்டு சூன் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இரண்டாம் நெறியுரை அதே மாதம் 26ஆம் நாள் பிறந்தது. இரண்டும் ஒரே காலத்துச் சிந்தனையின் விளைவுகள் என்பதற்கு அவற்றின் உள்ளடக்கமே சான்று. மாநில மின் செலுத்த நிறுவனம் மின்வணிகத்தில் ஈடுபடுதல் கூடாது என இந்தியச் சட்டம் விதிக்கிறது. பிறர் வலையமைப்பைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் ‘திறந்த அணுகல்’ உரிமையை அதன் 42ஆம் பிரிவு வழங்குகிறது.

தமிழ்நாட்டில் 2010 நவம்பர் 1 அன்று வாரியம் பிரிக்கப்பட்டது. ஒரு தலைமை நிறுவனமும், அதன்கீழ் மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம், மின் தொடரமைப்புக் கழகம் ஆகிய இரண்டும் தோன்றின. 2024இல் முதற்கழகம் மீண்டும் பிரிந்து, உற்பத்திக்கும் பகிர்மானத்திற்கும் பசுமை ஆற்றலுக்கும் தனித்தனிக் கழகங்கள் உருவாயின. அதியமான்கோட்டையின் மின் இணைப்பு இப்போது மின் பகிர்மானக் கழகத்தின் பொறுப்பில் உள்ளது.

வடிவத்தில் இது ஐரோப்பிய முறைக்கு நெருக்கமானது. செயலில் மூன்று இடைவெளிகள் காணப்படுகின்றன.

முதல் இடைவெளி: தேர்வுரிமை

திறந்த அணுகல் முதலில் 1 மெகாவாட்டிற்கு மேற்பட்ட நுகர்வோர்க்கே உறுதிசெய்யப்பட்டது. பசுமை மின்சாரத்திற்கு மட்டும் 2022ஆம் ஆண்டின் விதிகள் அவ்வரம்பை 100 கிலோவாட்டாகக் குறைத்தன. ஆகவே தேர்வுரிமை ஆலைகளுக்கு உண்டு. அதியமான்கோட்டையின் வீடுகளுக்கு இல்லை. உயர்ந்த கட்டணம் செலுத்தும் தொழில் நுகர்வோரின் உபரித் தொகையே வீட்டுக்கும் வேளாண்மைக்குமான சலுகையின் ஒரு பகுதியை ஈடுசெய்கிறது. அவர்கள் வெளியேறும்போது இழப்பை ஈடுகட்டக் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணத்தைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் சொந்தப் பயன்பாட்டிற்கென உற்பத்தி செய்வோர்க்கு அதிலிருந்து விலக்கு உண்டு. காற்றாலைகள் மிகுந்த தமிழ்நாட்டில் இவ்விலக்கின் விளைவு சிறிதன்று. பணம் தருவோர் விலக, சலுகை பெறுவோர் மட்டும் கழகத்திடம் எஞ்சும் நிலை உருவாகிறது.

இரண்டாம் இடைவெளி: ஆணையத்தின் தற்சார்பு

பொதுநலம் சார்ந்த கொள்கைகளில் மாநில அரசு எழுத்து வழி அளிக்கும் நெறிகாட்டுதலின்படி ஆணையம் நடத்தல் வேண்டும் என்பது சட்டத்தின் 108ஆம் பிரிவு. குறிப்பிட்ட ஒன்று பொதுநலக் கொள்கை சார்ந்ததா என்ற ஐயம் எழுந்தால், அரசின் முடிவே இறுதியானது. ஐரோப்பிய விதி மூடும் கதவை இந்தியச் சட்டம் திறந்து வைத்துள்ளது எனலாம்.

நிறுவனங்கள் கட்டண மனு அளிக்காவிடினும் ஆணையங்கள் தாமாகவே முன்வந்து கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டும் என மின்சாரத்திற்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பர் 11 அன்று ஆணையிட்டது. தமிழ்நாட்டு ஆணையம் 2014 திசம்பரில் அவ்வாறு முன்வந்து கட்டணத்தை மாற்றியது. அதன்பின் 2022 செப்டம்பர் வரை பொதுவான கட்டண உயர்வு நிகழவில்லை. இடையில் 2017 சனவரியில் தமிழ்நாடு, நடுவணரசின் உதய் திட்டத்தில் இணைந்தது. கழகத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு ஏற்றது. நிறுவனம் சட்டத்தில் தனித்தது; அதன் இழப்பு அரசின் கணக்கிலேயே வந்து சேர்ந்தது. உரிய காலத்தில் சிறிது சிறிதாக வரவேண்டிய உயர்வு, ஒருங்கே வந்தபோது நுகர்வோர்க்குப் பெருஞ்சுமையானது.

மூன்றாம் இடைவெளி: அளவீடு

தமிழ்நாட்டில் சிறு, குறு உழவர்க்கு 1984இலும், உழவர் அனைவர்க்கும் 1990இலும் கட்டணமில்லா மின்சாரம் வழங்கப்பட்டது. இது தேர்தல் அறிவிப்பாக மட்டும் பிறந்ததன்று. மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர் நடத்திய நெடும் போராட்டத்தின் பயன் அது. 1970 சூனில் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உழவர் உயிரிழந்தனர். ஆகவே மின்னளவி என்றவுடன் உழவர் கொள்ளும் அச்சத்தை அறியாமை என ஒதுக்கிவிட இயலாது. அளவி வந்தால் பின்னே கட்டணமும் வரும் என்ற ஐயத்திற்கு வரலாறு உண்டு.

எனினும், 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட வேளாண் இணைப்புகளில் பெரும்பாலானவை அளவியின்றி இருப்பதால் நேரும் விளைவு கவனிக்கத்தக்கது. வேளாண் கட்டணம் அலகுக்கு இவ்வளவு என்றில்லாமல், மோட்டாரின் குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்பட்டு அரசால் செலுத்தப்படுகிறது. வேளாண் பயன்பாடு எவ்வளவு என்பது மதிப்பீடே. மதிப்பீடு உயர்ந்தால் மின் இழப்பு தாழ்ந்ததாகத் தோன்றும். பழைய கம்பியில் கசிந்ததும், திருட்டில் போனதும் உழவர் இறைத்த நீரின் கணக்கில் சேர இடமுண்டு. அவ்வாறு நேர்ந்தால், உழவர் பயன்படுத்தாத மின்சாரத்திற்கும் அவரே பழி சுமப்பார்.

இதன் சுமை காத்திருப்பாகவும் வெளிப்படுகிறது. ஒவ்வொரு புதிய வேளாண் இணைப்பும் கழகத்திற்கு இழப்பு என்று கருதப்படும்போது இணைப்புகள் ஒதுக்கீடாகவே வழங்கப்படும். 2021 செப்டம்பரில் ஓர் இலட்சம் புதிய இணைப்புகள் வழங்கும் திட்டம் தொடங்கியபோது, மாநிலத்தில் 4 இலட்சத்திற்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் நிலுவையில் இருந்தன. இணைப்புக் கிடைக்காத உழவர் டீசல் எஞ்சினுக்குச் செலவிடுகிறார். அல்லது மழைக்குக் காத்திருக்கிறார். கட்டணமில்லா மின்சாரத்தின் மறைவிலை இதுவே.

சலுகையும் சீரமைப்பும் முரணா?

சட்டத்தின் 65ஆம் பிரிவு, எந்தப் பிரிவினர்க்கும் மானியம் வழங்க மாநில அரசிற்கு உரிமை அளிக்கிறது. அத்தொகையை முன்னதாகவே செலுத்த வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 நெறியுரையும், நலிந்த நுகர்வோர்க்காக அரசு விலையில் தலையிடுவதை வரையறைகளுடன் ஏற்கிறது. ஆகவே இரு மரபுகளும் சலுகையை மறுக்கவில்லை. யார் தருகிறார், யாருக்குத் தருகிறார், எவ்வளவு தருகிறார் என்பது வெளிப்படையாதல் வேண்டும் என்பதே அவற்றின் நிபந்தனை.

இந்நிபந்தனையை நிறைவு செய்ய ஒவ்வொரு கிணற்றிலும் அளவி பொருத்துதல் உடனடித் தேவையன்று. வேளாண் இணைப்புகளுக்கு மின்சாரம் தரும் மின்மாற்றிகளில் அளவி பொருத்தினால், அப்பகுதியின் மொத்தப் பயன்பாடு தெரியவரும். தனி உழவரின் பயன்பாடு கட்டணப் பட்டியலாக மாறாது. அரசு செலுத்தவேண்டிய மானியம் உண்மை அளவை ஒட்டி அமையும். கழகத்தின் இழப்பு எங்கே நிகழ்கிறது என்பதும் மறைக்க இயலாததாகும்.

முடிவுரை

ஐரோப்பிய விதிகளின் அடிப்படை, உரிமையாளர், விற்பனையாளர், நடுவர் ஆகிய மூவரும் ஒருவராக இருத்தல் கூடாது என்பதாகும். தமிழ்நாட்டில் நிறுவனங்கள் பிரிந்துள்ளன. அவற்றின் உரிமையாளரும் சலுகை தருபவரும் நடுவர்க்கு நெறிகாட்டுபவரும் அரசாகவே உள்ளது. தனியார்மயமின்றியே இதனைச் சீர்செய்யலாம் என்பதற்கு நார்வே சான்று.

108ஆம் பிரிவின் வரம்பைக் குறுக்குதல், மானியத்தை முன்னதாகவும் முழுமையாகவும் செலுத்துதல், மின்மாற்றி அளவில் வேளாண் பயன்பாட்டை அளத்தல் ஆகிய மூன்றும் அடுத்த பிரிப்பிற்கு முன் நிகழவேண்டியவை. இவற்றுள் மூன்றாவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. அதியமான்கோட்டையின் வேளாண் மின்மாற்றி ஒன்றில் ஓராண்டு அளந்து, அக்கணக்கை ஊர் மன்றத்தின் முன் வைத்தால், அவ்வூர் உழவர் எவ்வளவு மின்சாரம் பயன்படுத்தினர் என்பது முதன்முறையாக அவர்களுக்கே தெரியவரும். அந்த எண்ணைக் கொண்டு வாதிடும் உரிமை உழவர்க்கும் கழகத்திற்கும் ஒப்ப அமையும்போது, மின்சார வாரியப் பிரிப்பு பெயரைக் கடந்து பொருள் பெறும்.