தீவகத்து நன்னீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே கடலில் பரந்து கிடக்கும் தீவுகளைத் தீவகம் என வழங்குகிறோம். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்பன அவற்றுட் சில. ஒல்லாந்தர் இவற்றுட் பலவற்றுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத் தீவு லைடன் ஆயிற்று; நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ட் என்னும் பெயர் மட்டும் ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்து நிற்கிறது.

இத்தீவுகளில் மலை இல்லை, ஆறும் இல்லை. கடல்மட்டத்துக்குச் சிறிதே மேலெழுந்த தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம். சுற்றிலும் உப்புக்கடல். அவ்வாறாயின், கிணற்றில் நன்னீர் ஊறுவது எங்ஙனம்?

ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழை, கல்வெடிப்புக்களினூடே நிலத்துள் இறங்குகிறது. அங்கே முன்னரே கடல்நீர் ஊறி நிற்கிறது. நன்னீர் உவர்நீரிலும் பாரங் குறைந்தது. ஆதலின் அதன்மேல் மிதக்கிறது. தீவின் நடுவே தடித்தும் கரையோரம் மெலிந்தும், மூக்குக்கண்ணாடியின் வில்லை போன்ற வடிவில் அது தங்கியிருக்கும். இதன் கணக்கை வகுத்தவர் இருவர்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கைபன் என்னும் ஒல்லாந்தப் பொறியியலாளரும், 1901 ஆம் ஆண்டில் ஹேர்ஸ்பேர்க் என்னும் ஜேர்மனியரும். நம் தீவுகளுக்குப் பெயரிட்ட நாட்டினரே இக்கணக்கையும் கண்டது ஒரு வேடிக்கைதான்.

கணக்கு இதுவே: நிலத்தடி நீர் கடல்மட்டத்துக்கு ஓரடி மேல் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் இருக்கும். வெடிப்பு மிகுந்த கல்லில் இரு நீரும் கலப்பதால், உண்மையில் இருப்பது அதனினும் குறைவே. இதன் மறுபக்கமோ அச்சந் தருவது. மேலே ஓரடி தாழ்ந்தால், கீழிருந்து உவர்நீர் 40 அடி மேலெழ முனையும்!

நம் முன்னோர் இவ்வெண்ணை அறியார். ஆயினும் அதன் பயனை அறிந்திருந்தனர். பிற இடங்களில் ஆழத் தோண்டினால் நல்ல நீர் கிடைக்கலாம். தீவகத்தில் ஆழத் தோண்டினால் உப்புத்தான். ஆகவே ஆழமில்லாத பூவலும் துரவும் தோண்டினர். மழைநீர் கடலுக்கு ஓடாவண்ணம் குளங்களுக்கு அணை கட்டினர். துலாவினால் இறைப்பவனின் கை ஓயும். அவ்வேளையில் கிணறும் ஓய்வு பெறும். பின்னர் வந்த நீரிறைக்கும் இயந்திரமோ ஓய்வதில்லை.

1990, 1991 ஆம் ஆண்டுகளில் போர் காரணமாக வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களின் மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். ஆளில்லாத காலத்தில் கிணறுகள் ஓய்ந்திருந்தன என்பது மெய்யே. ஆனாற் குளங்கள் தூர்ந்தன, அணைகள் சிதைந்தன. மீண்டு வந்தவர் கண்டது கூரையற்ற வீட்டை மட்டுமன்று. ரொறன்ரோவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் வீட்டை ஓராண்டிற் கட்டிவிடலாம். உவர்ப்பட்ட கிணறு தேறுவதற்குப் பல மாரிகள் வேண்டும். குடிநீர் இல்லாத ஊரில் புதுவீடு இருந்தும் யார் குடியிருப்பார்?

கோடையில் பவுசர் வண்டிக்குக் குடத்துடன் காத்திருப்பது தீவகத்தில் இன்றும் காணும் காட்சி. நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவோ ஆனியில் வருகிறது. நிலம் வறண்டிருக்கும் அக்காலத்திலேதான் ஆயிரக்கணக்கான அடியார் அச்சிறு தீவில் இறங்குகின்றனர். கடலும் சும்மா இருக்கவில்லை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது.

2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரவல்லது அது, குடாநாட்டுக்குப் பெரும்பேறு. எனினும் குறிகட்டுவானிலிருந்து படகேறிச் செல்லும் நெடுந்தீவாருக்குத் தாளையடி வெகுதூரம். அவர்கள் தலைக்குமேல் உள்ள கூரையையும் நோக்கவேண்டும். ஆயிரஞ் சதுர அடிக் கூரையில் ஓரங்குல மழை பெய்தால், ஏறத்தாழ 2,360 லீற்றர் நீர் விழுகிறது. அதனை ஏற்கும் தொட்டியை ஐப்பசி பிறக்குமுன் கட்டியாகவேண்டும்.