எந்த மண்ணில் எந்த மரம்?

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றோடு தல விருட்சமும் சேர்ந்தால்தான் ஆலயம் நிறைவு பெறும். ஜொகூர் வாழ் மெய்யன்பர்களும் தாயகத்து நினைவில் கோயிலில் வன்னிக் கன்று நட விரும்புவதுண்டு. ஆனால் வன்னி வறண்ட நிலத்து மரம். தமிழகத்தில் ஆண்டு மழை சராசரியாகச் சுமார் 950 மில்லிமீட்டர். ஜொகூரிலோ 2000 மில்லிமீட்டருக்கும் மேல். நீர் தேங்கும் மண்ணை வன்னி தாங்காது. நன்கொடையாளர் மனமுவந்து அளித்த கன்று பட்டுப்போனால் பணம் மட்டுமா வீண்? மனமும் அல்லவா வருந்துகிறது!

அப்படியானால் எதை நடுவது? இதற்கு வழிகாட்டுவதே இயற்கைத் தாவர வரைபடம். மனிதர் கை படாதிருந்தால் ஓரிடத்தில் எத்தகைய காடு வளரும் என்பதை அது காட்டும். மண்வகை, மேடுபள்ளம், நீர்த் தேக்கம், எஞ்சி நிற்கும் பழைய மரங்கள் ஆகியவற்றை ஆராய்ந்து இதனை வரைகின்றனர். ஜெர்மானிய அறிஞர் டூக்சன் 1956இல் இக்கருத்தை வகுத்தார். அவரிடம் பயின்ற ஜப்பானியப் பேராசிரியர் அகிரா மியாவாக்கி தம் நாட்டுக்கு இத்தகைய படங்களைத் தயாரித்தார். சுற்றுப்புறக் காடுகள் அழிந்த பின்னும் ஷிந்தோ ஆலயத் தோப்புகளில் மண்ணுக்குரிய மரங்கள் பிழைத்திருந்தன. அவையே அவருக்குச் சான்றாயின. நம் தமிழகத்துக் கோயில் காடுகளும் அத்தகைய சான்றுகளே. 1990களின் தொடக்கத்தில் சரவாக்கின் பிந்துலுவிலும் அவர் முறைப்படி உள்நாட்டு மரங்கள் நடப்பட்டன.

தீபகற்ப மலேசியாவின் தாவர வரைபடத்தை வயாட்-ஸ்மித் 1964இல் வெளியிட்டார். நம் ஜொகூரில் மட்டும் எத்தனை வகைக் காடுகள்! தஞ்சோங் பியாய், பூலாவ் கூக்கூப் கரைகளில் அலையாத்திக் காடு. செடிலி ஆற்றோரம் நன்னீர்ச் சதுப்புக் காடு. எண்டாவ் ரொம்பினில் மெராந்தி முதலியன ஓங்கிய மழைக்காடு. ஒரே மாநிலமாயினும் ஓரிடத்து மரம் மற்றோரிடத்துக்குப் பொருந்தாது.

இதில் நமக்கோர் இனிய செய்தியும் உண்டு. மயிலை கபாலீசுவரர் ஆலயத்துப் புன்னை, இந்நாட்டுக் கடற்கரையில் 'பெனாகா லாவுட்' என்ற பெயரில் இயல்பாகவே வளர்கிறது. மதுரைக் கடம்பு இங்கே 'கெலெம்பாயான்'. திருவொற்றியூர் மகிழம் இங்கே 'தஞ்சோங்'. ஆக, மரபையும் விட வேண்டியதில்லை, மண்ணையும் பகைக்க வேண்டியதில்லை. கடலோர மணலில் புன்னையும் மகிழமும் ஏற்றவை. ஈரமான ஆற்றோர மண்ணில் கடம்பு செழிக்கும். விரைந்து ஓங்கி வளர்வதால் அதனைக் கட்டடத்திற்குத் தள்ளியே நட வேண்டும்.

ஆகவே, அடுத்த கன்றுக்கு நன்கொடை வழங்குமுன் ஆலயம் நிற்கும் மண்ணின் இயல்பை அறிந்து கொள்வோம். நாம் இன்று நடும் மரத்தின் நிழலில் நம் பேரப்பிள்ளைகள் நின்று இறைவனை வணங்கட்டும்.