சொகுசுக் கார் போட்டியில் முந்துவது எது? அரசுக்குச் சேர வேண்டிய வரி எங்கே?

திருவனந்தபுரம்: பத்மநாப சுவாமி கோயிலின் எதிரே, அரசுப் பேருந்துகளால் நிறைந்திருக்கும் கிழக்கேகோட்டையில் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் புதிய 7 வரிசைக் கார் ஒன்று வந்து நின்றால், ஒரு பேருந்துக்கு உரிய இடத்தில் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ளும். அதன் நீளம் 5.39 மீட்டர். விலையோ கோடிகளில். இத்தகைய கார்களில் எது சிறந்தது என்ற கேள்வியுடன், அவற்றால் அரசுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கிறதா என்ற கேள்வியும் எழுகிறது.

முற்றிலும் புதிய வடிவில் 2023 ஜனவரியில் இந்தியாவில் அறிமுகமான இக்காரின் 740ஐ ரகத்துக்கு அப்போதைய விற்பனையக விலை ரூ. 1.70 கோடி. செங்கல்பட்டை அடுத்துள்ள ஆலையில் பாகங்கள் இணைக்கப்பட்டு உருவாவது என்பதால் தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு.

பின் இருக்கையே அளவுகோல்: இந்தியாவில் இவ்வகைக் கார்களின் உரிமையாளர் பெரும்பாலும் பின் இருக்கையில்தான் அமர்கிறார். அந்த இடவசதியைத் தீர்மானிக்கும் சக்கர இடைவெளி 7 வரிசையில் 3,215 மி.மீ. புணே அருகே சாகனில் இணைக்கப்பட்டு, 2021 அக்டோபரில் ரூ. 1.57 கோடி தொடக்க விலையில் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் வகுப்பில் 3,216 மி.மீ. வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர்! ஆடி ஏ8 எல் காரில் இது 3,128 மி.மீ. மட்டுமே. ஆனால், இறக்குமதியானபோதிலும் 2022 ஜூலையில் ரூ. 1.29 கோடி விலையில் வந்ததே மூன்றிலும் குறைவு.

பெட்ரோல் என்ஜின் ஆற்றலில் பிஎம்டபிள்யூ (380 குதிரைத்திறன்) முந்துகிறது. மெர்சிடிஸ் 367, ஆடி 340. கூரையிலிருந்து இறங்கும் 31.3 அங்குலத் திரையும் பிஎம்டபிள்யூவின் சிறப்பு. முன்சக்கரங்களுடன் பின்சக்கரங்களும் திரும்பும் நுட்பத்தால், குறுகலான சாலைகளில் மெர்சிடிஸுக்குச் சாதகம் அதிகம். சிக்கனம் பார்ப்பவருக்கு ஆடி. காட்சிக்கும் வேகத்துக்கும் பிஎம்டபிள்யூ. நிதானமான பயணத்துக்கு மெர்சிடிஸ் என்று சொல்லலாம்.

தில்லியின் முடிவு: சரக்கு-சேவை வரியில் இவ்வகைப் பெரிய கார்களுக்கு 28 சதவீத வரியும் 20 சதவீத இழப்பீட்டு வரியும் சேர்ந்து 48 சதவீதம் விதிக்கப்பட்டு வந்தது. ஜிஎஸ்டி கவுன்சில் எடுத்த முடிவின்படி 2025 செப்டம்பர் 22 முதல் இது 40 சதவீதமானது. ரூ. 1.70 கோடி காருக்குக் கணக்கிட்டால் சுமார் ரூ. 9 லட்சம் குறையும். அதே உருவத்தில் 2023-இல் ரூ. 1.95 கோடி விலையில் வந்த மின்சார ஐ7 காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமே. இறக்குமதித் தீர்வை தனி என்றாலும், சூழல் காக்கத் தரப்படும் சலுகை கோடீசுவரரின் காருக்கும் பொருந்தலாமா என்பது விவாதத்துக்கு உரியது. கேரளம் இதற்கு ஒரு விடை சொன்னது. ரூ. 20 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் கார்களுக்குச் சாலை வரியை 10 சதவீதமாக 2025-26 நிதிநிலை அறிக்கையில் அது உயர்த்தியது.

புதுச்சேரி வழி: கேரளத்தில் ரூ. 20 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல் கார்களுக்குச் சாலை வரி விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாது. தமிழகத்திலும் 2023 நவம்பர் முதல் 20 சதவீதம். புதுச்சேரியிலோ சில லட்சங்களில் முடிந்துவிடும். திரைத்துறையினர் சிலரும், அப்போதைய மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரும் புதுச்சேரி முகவரியில் சொகுசுக் கார்களைப் பதிவு செய்து வரி ஏய்த்ததாக 2017-இல் கேரளத்தில் எழுந்த புகார் பெரும் சர்ச்சையானது. அவற்றில் ஒன்று மெர்சிடிஸ் எஸ் வகுப்புக் கார். குற்றப்பிரிவு வழக்குப் பதிவு செய்தது. புதுச்சேரியில் தங்களுக்கு வீடு உண்டு என்று சிலர் வாதிட்டனர். சிலர் பின்னர் வரியைச் செலுத்தினர்.

உரிமையாளர் வசிக்கும் அல்லது தொழில் நடத்தும், வாகனம் வழக்கமாக வைக்கப்படும் இடம் உள்ள மாநிலத்தில்தான் பதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கு மறுபதிவு அவசியம் என்கிறது 47-ஆவது பிரிவு. சட்டத்தில் குறையில்லை, முகவரியைச் சரிபார்ப்பதில்தான் குறை.

ரூ. 1.70 கோடி காருக்குக் கேரளம் பெற வேண்டிய வரி ரூ. 34 லட்சத்துக்கும் மேல். ஒரு சாதாரண அரசுப் பேருந்தின் விலையை நெருங்கும் தொகை இது. திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரி 20-இல் பேருந்துச் சேவையைத் தொடங்கிய நகரம் இது. அதன் வாரிசான கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பல முறை அரசின் கையை எதிர்பார்த்து நின்றிருக்கிறது.

எந்தக் கார் சிறந்தது என்பதை வாங்குபவர் தீர்மானிக்கட்டும். அதற்குரிய வரி எந்த மாநிலத்துக்கு என்பதைச் சட்டம் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. அதைச் செயல்படுத்தினால், கிழக்கேகோட்டையில் பேருந்துக்காகக் காத்திருப்போருக்கும் அந்தக் காரால் ஒரு பயன் உண்டு.