காதுக்கும் உண்டு சுழிப்பிழை

ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுக்கும் மாணவரிடம் ஆசிரியர் முதலில் கேட்பது, "சுழிப்பிழை பார்த்தாயா?" என்பதுதான். அளவியின் இரு முகங்களும் தொடும்போது அது சுழியைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கருவியிலேயே பிழை உள்ளது. அந்தக் கருவியால் ஒரே கம்பியை நூறு முறை அளந்து சராசரி எடுத்தாலும் விடை தவறாகவே வரும். திரும்பத் திரும்ப அளப்பதால் இத்தகைய பிழை நீங்காது. வேறொன்றோடு ஒப்பிட்டால்தான் அது வெளிப்படும்.

நம் காதும் ஓர் அளவியே. வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்யும் இளைஞர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது.

ஒரு கணினியும் ஒரு மைக்கும் இருந்தால் இன்று வீடே ஒலிப்பதிவுக் கூடமாகிவிடும். குரல், கீபோர்டு, தபேலா என ஒவ்வொன்றையும் தனித்தனித் தடத்தில் பதிவு செய்கிறார்கள். பிறகு எது எவ்வளவு உரக்கக் கேட்க வேண்டும், எதில் கீழ்சுருதி ஒலிகளைக் கூட்ட வேண்டும், எதில் குறைக்க வேண்டும் என்று சரிசெய்து, எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கிறார்கள். இதற்கு மிக்ஸிங் என்று பெயர். 1989-ல் ஏ. ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டையொட்டி அமைத்த பதிவுக்கூடத்திலிருந்துதான் 1992-ல் 'ரோஜா' படத்தின் பாடல்கள் வெளிவந்தன. ஆனால் அவரிடமும் ஒற்றைக் காது மட்டும் இருக்கவில்லை. 2008-ல் மறைந்த ஒலிப்பதிவுப் பொறியாளர் எச். ஸ்ரீதர், ரஹ்மானின் பல படங்களுக்கு இரண்டாவது காதாக விளங்கினார்.

அம்பத்தூரில் ஓர் இளைஞர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பகலில் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் பட்டறையில் வேலை. இரவில், வீட்டார் உறங்கியபின், ஒலிபெருக்கியை மெதுவாக வைத்துத் தம் பாட்டை மிக்ஸிங் செய்கிறார். முடிந்ததும் இசை நண்பர்களுக்குப் போட்டுக்காட்டுகிறார். "கீச்சென்று இருக்கு", "பேஸ் இடிக்குது", "வார்த்தை புரியலை" என்கிறார்கள். அவர் காதிலோ பாட்டு மிக நன்றாகவே கேட்கிறது. நண்பர்களுக்குப் பொறாமை என்று அவர் நினைக்கக்கூடும். இனிமேல் பாடவே வேண்டாம் என்று முடிவு செய்யவும் கூடும். இரண்டுமே அவசர முடிவுகள். நண்பர்கள் சொன்ன மூன்று குறைகளுக்கும் இயற்பியலில் விடை இருக்கிறது.

பட்டறையிலிருந்து வரும் காது

வெளிக்காதின் குழாய் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளமுடையது. அதன் ஒரு முனையைச் செவிப்பறை மூடியிருக்கிறது. ஒரு முனை மூடிய குழாயின் ஒத்ததிர்வைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தக் கணக்குப்படி இக்குழாய் 3000 முதல் 3500 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலிகளைப் பெருக்கிக் கொடுக்கிறது. இந்தப் பகுதியிலும் இதற்குச் சற்று மேலும் உட்காது இரைச்சலின் தாக்குதலை அதிகமாக ஏற்கிறது. அங்குள்ள நுண்ணிய மயிரணுக்கள் களைப்படைகின்றன. பட்டறை இரைச்சலில் நாள் முழுதும் இருந்தவருக்கு மாலையில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் மங்கிக் கேட்பது இதனால்தான். பஞ்சு வைத்தாற்போல் காது அடைத்திருக்கும். ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

அந்தக் காதோடு மிக்ஸிங் செய்தால் என்ன ஆகும்? கூர்மை போதவில்லை என்று தோன்றும். உச்ச ஒலிகளைக் கூட்டுவார். ஓய்ந்த காதுடைய நண்பருக்கு அதுவே கீச்சென்று கேட்கும்.

மெதுவாகக் கேட்டால் பேஸ் குறையும்

ஒலி மெதுவாக இருக்கும்போது காது கீழ்சுருதி ஒலிகளைச் சரியாக உணர்வதில்லை. 1933-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து வெளியிட்டனர். இன்றைய சர்வதேச அளவீடுகளின்படி, 40 டெசிபல் உள்ள 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்குச் சமமாகக் கேட்க, 100 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ 64 டெசிபல் இருக்க வேண்டும். அதாவது 24 டெசிபல் கூடுதல். 80 டெசிபல் ஒலிக்கோ 12 டெசிபல் கூடுதலாக இருந்தாலே போதும். நடுஇரவில் மெதுவாகக் கேட்டு, பேஸ் போதவில்லை என்று கூட்டிவைத்த பாட்டு, நண்பரின் காரில் உரக்க ஒலிக்கும்போது இடிக்கத்தானே செய்யும்!

அறையும் தன் பங்குக்குக் குழப்பும். 12 அடிக்கு 10 அடி உள்ள கான்கிரீட் அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸிலும் 57 ஹெர்ட்ஸிலும் நிலை அலைகள் உண்டாகும். அறையின் நடுவில் இவற்றின் அழுத்தக் கணு விழுகிறது. அங்கே அமர்ந்தவருக்கு அந்த ஒலிகள் மெலிந்து கேட்கும். மூலையில் அவை பெருகும். பேஸ் மிகுந்த பாட்டை ஓடவிட்டு, அறையின் நடுவிலிருந்து மூலைக்கு நடந்து பாருங்கள். வேறுபாடு உங்களுக்கே புலப்படும்.

தெரிந்த சொல் எப்போதும் கேட்கும்

பாட்டை எழுதியவருக்கு ஒவ்வொரு சொல்லும் மனப்பாடம். வாத்திய ஒலி ஒரு சொல்லை மூடிவிட்டாலும் மூளை அதை நிரப்பிக்கொள்ளும். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. மேலும், பேசும்போது நம் குரல் மண்டை எலும்பின் வழியாகவும் உட்காதை அடைகிறது. அதில் கீழ்சுருதி ஒலிகள் மிகுதி. பதிவில் அந்தப் பகுதி இல்லாததால் தம் குரல் மெலிந்ததாகப் பாடியவருக்குத் தோன்றும். கூச்சத்தில் குரலைக் குறைத்து வாத்தியங்களுக்கு அடியில் ஒளித்துவைப்பார். சொல் புரியாமல் போக இதுவும் ஒரு காரணம்.

எப்படிக் கேட்பது?

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்குப்பா" என்றுதான் விடை வரும். அது நட்பின் அளவே தவிர, பாட்டின் அளவு அன்று. பயன்தரும் சோதனைகள் சிலவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, பாட்டை இதுவரை கேட்காத ஒருவரிடம் ஒரு சரணத்தை ஒரே முறை ஒலிக்கச் செய்து, காதில் விழுந்த சொற்களை எழுதச் சொல்லுங்கள். தொலைபேசியின் தரத்தைச் சோதிக்கப் பிளெட்சர் குழுவினர் கையாண்டதும் இத்தகைய முறைதான். எழுதாமல் விட்ட சொற்கள் எங்கே வருகின்றன என்று பார்த்தால், எந்த வாத்தியம் குரலை மூடுகிறது என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, பழைய மிக்ஸையும் புதியதையும் ஒரே உரப்பில் வைத்து, எது எதுவென்று சொல்லாமல் ஒப்பிடச் செய்யுங்கள். ஒன்று மற்றதைவிடச் சிறிது உரக்க ஒலித்தாலே அது மேலானதாகத் தோன்றிவிடும். எதை முதலில் போடுவது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். ஐந்து முறையும் ஒருவர் புதியதைச் சரியாக இனம்கண்டால், அது வெறும் குருட்டு யோகமாக இருக்க 32-ல் ஒரு வாய்ப்பே உண்டு. அவரால் இனம்காண முடியாவிட்டால், நீங்கள் இரவெல்லாம் செய்த மாற்றம் அவர் காதுக்கு எட்டவில்லை என்று பொருள்.

மூன்றாவது, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். கூட்டத்தில் மூத்தவர் ஒன்று சொன்னால் மற்றவர்கள் அதற்கே தலையாட்டுவார்கள். "எந்த நிமிடத்தில், எந்த இடத்தில்?" என்று குறித்துக்கொள்ளுங்கள். தனித்தனியே கேட்ட மூவர் ஒரே இடத்தைச் சுட்டினால் அது பிழை. ஆளுக்கொன்று சொன்னால் அது அவரவர் ரசனை. அதை ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். தபேலா வாசிப்பவரின் காது தபேலாவையே தேடும். ஆகவே அவரிடம் குரலைப் பற்றியும், பாடுபவரிடம் தாளத்தைப் பற்றியும் கேட்பது நல்லது.

நான்காவது, காதுகள் வெவ்வேறு இடங்களிலிருந்து வரட்டும். உங்களோடு அதே பட்டறையில் வேலை செய்யும் நண்பருக்கும் அதே சுழிப்பிழை இருக்கலாம். ஒரே பிழையுள்ள இரண்டு அளவிகள் ஒத்துப்போவதால் விடை சரியாகிவிடாது.

பாட்டைவிடப் பெரியது

விடுமுறை முடிந்து, ஓய்ந்த காதோடு உங்கள் மிக்ஸை மீண்டும் கேளுங்கள். அப்போது உங்களுக்கும் கீச்சென்று கேட்டால், முன்பு இருந்தது தற்காலிகக் களைப்பு. ஓய்வுக்குப் பிறகும் உங்களுக்கு நன்றாகவே கேட்டு, மற்றவர்கள் எல்லோரும் கீச்சென்று சொன்னால், அதைப் பாட்டின் விமர்சனமாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 4000 ஹெர்ட்ஸ் பகுதியில் செவித்திறன் நிலையாகவே குறைந்திருக்கலாம். இறந்த மயிரணுக்கள் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. பேச்சுக்குத் தேவையான பெரும்பகுதி இதற்குக் கீழே இருப்பதால், தொடக்கத்தில் இந்த இழப்பை யாரும் உணர்வதில்லை. உரையாடலில் தெரியாத குறையைப் பாட்டு முன்னதாகவே காட்டிக்கொடுத்துவிடலாம்.

அரசு மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவித்திறன் சோதனை செய்துகொள்ளலாம். நாள்தோறும் 8 மணி நேரம் 85 டெசிபலோ அதற்கு மேலோ இரைச்சலில் இருப்போர் காதுக்காப்பு அணிய வேண்டும். இரைச்சலால் வரும் செவிக்குறை நம் சட்டப்படி தொழில்நோய்களில் ஒன்று. அதைக் கேட்டுப் பெறுவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

தமிழில் 'கேள்வி' என்ற ஒரே சொல் வினாவையும் குறிக்கிறது, செவியால் பெறும் அறிவையும் குறிக்கிறது. திருக்குறளின் 42-ஆம் அதிகாரத்துக்கு அதுவே பெயர். அடுத்த முறை உங்கள் பாட்டை நண்பரிடம் கொடுக்கும்போது, நல்ல கேள்வி ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.