தனிமையை மீறி வந்தால் நாம் என்ன செய்வது?



2020 மார்ச் 25-ல் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தமிழகத்தின் முதல் கொரோனா மரணம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லி, கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அதை மீறி வெளியே வந்தவரைப் பார்த்து, "ஊருக்கே பரப்ப வந்துட்டான்" என்று ஜனங்கள் கொதித்தார்கள்.

கோபம் நியாயம்தான். கிருமி உடம்பில் புகுந்தபின் 14 நாள் வரைகூட அறிகுறி தெரியாமல் இருக்கலாம். "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று டீக்கடைக்குப் போகிறவரும் நோயைப் பரப்பலாம். அரசின் தனிமை உத்தரவை மீறினால் ஆறு மாதம் வரை சிறை என்று சட்டம் உள்ளது.

ஆனால் தண்டிப்பது ஊரார் வேலை இல்லை. அதே சமயத்தில் மதுரை திரும்பிய ஒருவருக்கு நோய் என்று அக்கம்பக்கத்தார் சந்தேகப்பட்டார்கள். அவரை அழைத்துச் சென்ற காட்சி வாட்ஸ்அப்பில் பரவியது. பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தது. ஆனாலும் அவமானம் தாங்காமல் உயிரை விட்டார். இப்படிப் பயமுறுத்தினால், காய்ச்சல் வந்தவர் மறைக்கத்தான் பார்ப்பார். நோய் இன்னும் பரவும்.

இனி இப்படி ஒரு நிலை வந்தால்:

1. தள்ளி நின்று, "என்னக்கா வேணும்? ஏன் வெளிய வந்தீங்க?" என்று கேட்போம்.

2. அரிசி, பால், மருந்து எதுவானாலும் குழுவில் இருவர் பொறுப்பேற்று வாசலில் வைப்போம்.

3. கேட்காவிட்டால் கிராம சுகாதார செவிலியரிடமோ 104 எண்ணிலோ சொல்வோம். படம் எடுத்துப் பரப்ப மாட்டோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, தீர்மானமாக எழுதி வைப்போம்.