எட்டும் இடத்தில் மின்சாரம்

கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துபோவது நம்மில் பலருக்குச் சிறு இடையூறு மட்டுமே. மின்கலத்தால் இயங்கும் சக்கர நாற்காலியில் பணிக்கு வருபவருக்கோ அது நடையே நின்றுபோவதற்கு ஒப்பாகும். மின்னேற்றம் தீர்ந்த காதொலிக் கருவியை அணிந்தவர் கூட்டத்தில் பேசப்படுவதைக் கேட்க இயலாது. திரையிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றித் தரும் கைப்பேசியை நம்பியிருக்கும் பார்வையற்றவர் தமக்கு வந்த கடிதத்தைப் படிக்க இயலாது. ஆகவே, பணியிடத்தில் மின்னேற்ற வசதி இவர்களுக்குச் சலுகை அன்று, அடிப்படைத் தேவை.

இத்தேவையை நம் நாட்டுச் சட்டமும் ஏற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. மாற்றுத்திறனாளிப் பணியாளர்களுக்குப் பொருத்தமான வசதிகளையும் தடையற்ற சூழலையும் அரசு நிறுவனங்கள் அளிக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது.

கூட்ட அறை, உணவுக்கூடம், நூலகம், காத்திருப்புக் கூடம் ஆகியவை பணியாளர் பலரும் பகிர்ந்துகொள்ளும் இடங்கள். அங்குள்ள பிளக் பாயிண்டுகள் பல நேரங்களில் தரையை ஒட்டியோ, மேசைக்கு அடியிலோ, அலமாரிக்குப் பின்னாலோ அமைந்துவிடுகின்றன. குனிய இயலாதவருக்கு அவை இருந்தும் இல்லாதவையே. இக்குறையை நீக்கத் திட்டமிடுவோர் கருத வேண்டியவை பின்வருமாறு:

1. உயரம்: சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கை, தரையிலிருந்து ஏறத்தாழ 40 முதல் 120 செ.மீ. வரை எளிதில் எட்டும். மேசை மட்டத்திற்குச் சற்று மேலே அமையும் பிளக் பாயிண்ட் அனைவருக்கும் ஏற்றது.

2. இடம்: நாற்காலி வந்து நிற்க 90 செ.மீ. அகலமும் 120 செ.மீ. நீளமும் உள்ள வெற்றிடம் வேண்டும். சக்கர நாற்காலிக்கு மின்னேற்றப் பல மணி நேரம் ஆகும். பெரும்பாலும் அதற்குத் தனி மின்னிணைப்பு தேவைப்படாது. பிறர் வழியை மறைக்காமல் நெடுநேரம் நிற்க ஓர் இடமே தேவை.

3. அடையாளம்: சுவிட்சு சுவரின் நிறத்திலிருந்து வேறுபட்ட நிறத்தில் இருத்தல் நன்று. அருகில் தொட்டறியும் குறியீடோ பிரெயில் எழுத்தோ இருந்தால் பார்வையற்றவர் பிறர் துணையின்றிப் பயன்படுத்துவார்.

4. பாதுகாப்பு: நடைவழியின் குறுக்கே கம்பி கிடத்தல் கூடாது, கைக்கோல் கொண்டு நடப்பவர் அதில் தடுக்கி விழக்கூடும். ஒரு நீட்டிப்புப் பெட்டியிலிருந்து மற்றொன்றுக்கு இணைப்பு எடுத்தலும் தீ விபத்துக்கு வழிவகுக்கும். மின்னேற்றும் இடம் காற்றோட்டம் உள்ளதாக இருத்தல் வேண்டும்.

5. முன்னுரிமை: மின்தடை நேரும்போது இன்வெர்ட்டரின் இணைப்பு இவ்விடங்களுக்கும் கிடைக்க வேண்டும். உதவிக் கருவிகளுக்கே முதலிடம் என்னும் அறிவிப்பும் அங்கே இருத்தல் நன்று.

இவற்றைக் கட்டடம் எழும்போதே திட்டமிட்டால் செலவு மிகக் குறைவு. சுவர் பூசி முடித்தபின் மாற்றினாலோ, இடித்து மீண்டும் பூச வேண்டிவரும். திட்டமிடுமுன் அவ்வசதியைப் பயன்படுத்தப் போகிறவர்களையே கேட்டறிதல் சாலச் சிறந்தது. எது எட்டும், எது எட்டாது என்பதை அவர்களே நன்கு அறிவர்.

முதுகுவலி உடையோர், முதியோர், கருவுற்ற பெண்கள் என மற்றவர்களுக்கும் இவ்வமைப்பு பயன்படும். ஒருவர் பிறர் உதவியை எதிர்பாராமல் தம் பணியைத் தாமே செய்ய முடிவது அவரது தன்மதிப்பைக் காக்கும். அதற்குச் சில நேரங்களில், சரியான உயரத்தில் அமைந்த ஒரு பிளக் பாயிண்டே போதுமானது.

சிந்தித்து எழுதுக

அ. மின்னேற்ற வசதி சலுகை அன்று என ஆசிரியர் கூறுவது ஏன்?

ஆ. 'இருந்தும் இல்லாதவையே' என்னும் தொடரை விளக்குக.

இ. உம் பள்ளி நூலகத்திலுள்ள பிளக் பாயிண்டுகளின் உயரத்தை அளந்து, செய்ய வேண்டிய மாற்றங்களைக் குறித்து முதல்வருக்குக் கடிதம் எழுதுக.