பொங்கற் பானைக்குப் பக்கத்து அடுப்பு

பொங்கற் பண்டிகை வந்துவிட்டால் பானைக்குத்தான் எத்தனை மரியாதை! கழுத்தில் மஞ்சட் கொத்து. இரு புறமும் கரும்பு. பால் பொங்கி வழிந்ததும் வீடே கூவி ஆரவாரிக்கிறது. பத்திரிகைகளும் அதன் படத்தையே ஆண்டுதோறும் அட்டையில் போடுகின்றன. ஆனால் பக்கத்து அடுப்பில் சத்தமின்றிக் கொதித்துக் கொண்டிருக்கும் பல காய்க் குழம்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. வெண்பொங்கலை இலையில் இட்டு உட்கார்ந்த பிறகுதான், அன்றைய சாப்பாட்டின் உயிர் எந்த அடுப்பில் இருந்தது என்பது விளங்கும்.

திருவண்ணாமலையில் நம் இல்லத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கம் இது: காய்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். ஐந்து, ஏழு, ஒன்பது என்று அவரவர் வசதிப்படி. அவரை, பச்சை மொச்சை, கத்திரி, வாழைக்காய், பூசணி, பரங்கி, சேனை, சர்க்கரைவள்ளி, கருணை ஆகியவை அதற்கு உரியவை. உருளைக்கிழங்கு, காரட், முட்டைக்கோஸ் முதலிய ‘இங்கிலீஷ் காய்’களுக்கு அன்று மட்டும் அநுமதி இல்லை.

இதைப் பற்றி வகுப்பில் பேசியபோது ஒரு மாணவன் எழுந்து நின்றான். “ஸார், சர்க்கரைவள்ளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதானே? அதற்கு இடம் கொடுத்துவிட்டு உருளையை மட்டும் ஏன் தள்ளி வைக்க வேண்டும்?” என்று கேட்டான். கெட்டிக்காரப் பையன்! உண்மையில் அவன் இன்னும் சேர்த்துக்கொண்டு போயிருக்கலாம். பரங்கியும் அமெரிக்கப் பிறவியே. பறங்கியர் என்னும் பெயரை இன்றும் அது சுமந்துகொண்டிருக்கிறது. மிளகாய் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. தாளிக்கும் கடலை எண்ணெயைத் தரும் வேர்க்கடலையும் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அதை இம்மாவட்டத்தார் ‘மணிலா’ என்றும் ‘மல்லாட்டை’ என்றும் அழைப்பதே அது வெளியூர்ச் சரக்கு என்பதற்குச் சாட்சி.

அப்படியானால் ‘நாட்டுக் காய்’ என்பது எது? பிறந்த ஊரை வைத்து நம் பாட்டிமார் தீர்ப்புச் சொல்லவில்லை. வாழ்ந்த விதத்தை வைத்தே சொன்னார்கள். பரங்கி கப்பலேறி வந்ததாயினும் நம் கூரையில் படர்ந்தது, நம் மழையைக் குடித்தது, நம் வெயிலில் காய்த்தது. வேறு வீட்டில் பிறந்த பெண் நம் வீட்டு எஜமானியாகி விடுவதில்லையா? அது போலத்தான். உருளைக்கிழங்கோ 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயரால் நீலகிரியில் பயிரிடப்பட்டது. குளிர்ந்த இரவுகள் இருந்தால்தான் அது நன்றாகக் கிழங்கு பிடிக்கும். நமது சமவெளி அதற்கு ஒத்துவராது. அதன்மேல் நமக்குப் பகை ஒன்றுமில்லை. ஆண்டில் மற்றெல்லா நாளும் அது நம் இலையில் உண்டு. ஆனால் ஆடியில் விதைத்து, மார்கழிப் பனியில் பூத்து, தையில் காய்த்த அவரைக்கு நன்றி செலுத்தும் நாளில், நம் நிலம் தராததற்கு என்ன வேலை?

இனிச் செய்முறை. எட்டுப் பேருக்கு ஓர் ஆழாக்குத் துவரம் பருப்பும், எல்லாமாகச் சேர்த்து ஒரு கிலோ காய்களும் போதும். சேனையையும் கருணையையும் நறுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக் கொள்ள வேண்டும். அவற்றில் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் உள்ளன. அவை குத்துவதால்தான் அரிப்பு உண்டாகிறது. நறுக்கிய துண்டுகளை அரிசி கழுவிய நீரில் சிறிது நேரம் ஊறவைத்துத் தனியே வேகவைத்து, நீரை வடித்துவிடுவது நலம்.

மற்றக் காய்களை ஒரே சமயத்தில் பாத்திரத்தில் கொட்டுவது கூடாது. முதலில் மொச்சை, பிறகு வாழைக்காய், சர்க்கரைவள்ளி, அதன்பின் அவரை, கத்திரி, கடைசியில் நீர்க்காய்களான பூசணியும் பரங்கியும். காய்கள் முக்கால் பதம் வெந்த பிறகே, பெரிய எலுமிச்சம்பழ அளவு புளியைக் கரைத்து ஊற்ற வேண்டும். புளியை முன்னதாக ஊற்றினால் அதன் அமிலம் காயை இறுக்கிவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் மொச்சை கல்லாகவே நிற்கும். புளியின் பச்சை வாசனை போனதும், வேகவைத்து வைத்த கிழங்குத் துண்டுகளையும் குழைந்த பருப்பையும் சேர்க்கலாம். மிளகாய் வற்றல் எட்டு, தனியா மூன்று மேசைக்கரண்டி, கடலைப் பருப்பு ஒரு மேசைக்கரண்டி, சிறிது வெந்தயம் ஆகியவற்றை வறுத்து, அரை மூடித் தேங்காயுடன் அரைத்து விடவும். கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து இறக்கினால் தெரு முழுவதும் மணக்கும்.

இக்குழம்பின் பூரண ருசி மறுநாள்தான் வெளிப்படும். மறுநாள் மாட்டுப் பொங்கல் நம் ஊருக்குத் தனிச் சிறப்பு உடையது. அன்று காலையில் அண்ணாமலையார் கோயில் நந்திக்குக் காய்களாலும் கனிகளாலும் பலகாரங்களாலும் மாலை கட்டிச் சாத்துவார்கள். மாலையில் திருவூடல் தெருவில் சுவாமிக்கும் அம்மனுக்கும் ஊடல் நடக்கும். அம்மன் தனியே கோயிலுக்குத் திரும்பிவிடுவாள். சுவாமி அதற்கடுத்த நாள் கிரிவலம் வந்த பிறகே இருவரும் சேர்வார்கள். குழம்பின் கதையும் ஏறக்குறைய இதுவே. முதல் நாள் ஒவ்வொரு காயும் தன் சுவையைத் தனியே காட்டி ஊடி நிற்கும். இரவு தங்கி, மறுநாள் சுண்டக் காய்ந்தால் எல்லாம் ஒன்றாகக் கூடிவிடும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, இருக்கிற காயில் ஒரு சாம்பார் வைத்தால் போதாதா என்று இப்போது பல வீடுகளில் கேட்கிறார்கள். சேனை அரிக்கிறது, மொச்சை உரிக்க நேரமில்லை என்பன காரணங்கள். ஆனால் வாங்குவோர் இல்லாத காயை எந்த உழவர் பயிரிடுவார்? இரண்டு தை மாதம் கருணைக் கிழங்கை யாரும் கேட்காவிட்டால், மூன்றாம் ஆண்டு அது சந்தைக்கு வராது. அடுத்த பருவத்துக்கென்று சாம்பலில் புரட்டி வைத்த அவரை விதை ஒரு முறை தவறினால், அந்த வீட்டு அவரையின் குலமே அற்றுப்போகும். விதையைக் காக்க அரசாங்கத்தார் பெரிய நிலையங்கள் நடத்துகிறார்கள், நல்லதுதான். எனினும், ஆண்டுக்கு ஒரு நாள் கூடை எடுத்துக்கொண்டு போய் “கருணை இருக்கிறதா? நாட்டு அவரை இருக்கிறதா?” என்று கேட்கும் இல்லத்தரசி செய்யும் காவலும் அதற்குக் குறைந்ததன்று.

ஆகவே நேயர்களே, இவ்வாண்டு ஒன்பது கிடைக்காவிட்டால் ஏழு. ஏழு கிடைக்காவிட்டால் ஐந்து. மொச்சை உரிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எந்தக் காய்க்குப் பின் எந்தக் காய் என்பதையும் அப்போதே சொல்லிக் கொடுங்கள்.